அண்ணை வரும்வரை தேங்காய்ப்பால் இல்லை

குறிகட்டுவானில் இருந்து நயினாதீவுக்குப் போகும் வள்ளம் இப்போதும் என் கனவில் வருகிறது. கனவில் அது ஒருநாளும் கரை சேருவதில்லை. நடுக்கடலில் மெல்ல ஆடிக்கொண்டே நிற்கும். வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும். அம்மா சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு ஒரு பக்கமாக இருப்பார். அவருக்கு அருகில் ஐயா, வேட்டி நனையாமல் தூக்கிப் பிடித்தபடி, மடியில் அர்ச்சனைத் தட்டோடு. எங்கள் ஊரான இறுப்பிட்டியில் அப்பாவை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். தட்டில் பூவும் பழமும் ஒரு தேங்காயும் இருக்கும். அந்தத் தேங்காயை ஐயா பார்க்கிற பார்வை இருக்கிறதே, பிரிந்துபோன சிநேகிதனைக் கூட்டத்தில் கண்டவர் பார்ப்பதைப் போல இருக்கும்.

தெற்கில் நடத்திய கடை எண்பத்து மூன்றுக் கலவரத்தில் எரிந்து போனபின் வெறுங்கையோடு ஊருக்கு வந்தவர் ஐயா. அதே வருடக் கடைசியில் அண்ணை ஜெர்மனிக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஐயா அதிகம் கதைப்பதில்லை, நன்றாகச் சாப்பிட்டார். எண்பத்தைந்தில் ஒருநாள் கிணற்றடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார். மாரடைப்பு. யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் இருந்து அவரை வீட்டுக்கு விடும்போது டொக்டர் கட்டிலடியில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, அம்மாவுக்கும் எனக்கும் கேட்கும்படி நிதானமாகச் சொன்னார்.

"உங்கட இரத்தத்திலை கொழுப்புக் கூட. அதுதான் நெஞ்சுக்குப் போற குழாயிலை படிஞ்சு அடைச்சது. குளிசை தாறன், ஆனா குளிசை மட்டும் காணாது. தேங்காய்ப்பால், நெய், முட்டை மஞ்சட்கரு எல்லாத்தையும் விடவேணும். சுருட்டு வேண்டவே வேண்டாம். பின்னேரத்திலை நடவுங்கோ. சுகமாயிருக்குது எண்டு இடையிலை விட்டுடாதேங்கோ. இது நெடுகப் பாக்கவேண்டிய வருத்தம்."

சுருட்டை ஐயா அன்றைக்கே விட்டார். குளிசையை வேளை தவறாமல் போட்டார். தேங்காய்ப்பாலிடம்தான் அவர் தோற்றுப் போனார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். இப்போது நானும் இரவில் கொழுப்புக்கு ஒரு குளிசை போடுகிறவள். நெஞ்சு நொந்தால் பயம் வரும், பயம் வந்தால் வாயைக் கட்டலாம். இரத்தத்தில் இருக்கிற கொழுப்போ நோவதில்லை, கடிப்பதில்லை, இருக்கிறேன் என்று ஒரு சத்தம் போடுவதில்லை. காற்று நன்றாக வீசுகிற பின்னேரங்களில், எனக்கு என்ன வருத்தம் என்று எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது.

அம்மா பாலில்லாத சொதி வைத்தார். பழப்புளியும் வெங்காயமும் மஞ்சளும் போட்ட வெறுந்தண்ணீர் அது. ஐயா அதைச் சாப்பிட்டுவிட்டு, காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று ஒழுங்கையால் போவார். அடுத்த ஒழுங்கையில் அவருடைய தங்கை, எங்கள் மாமி வீடு. மாமியின் இடியப்பமும் முதற்பால் விட்ட சொதியும் ஊரறிந்த விஷயம். ஒருநாள் ஐயாவின் சால்வையில் மஞ்சள் கறையைக் கண்டபோது அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் சண்டை பிடிக்கவில்லை. சால்வையைத் தோய்த்துக் கொடியில் போட்டார். பிறகு, "வாற வெள்ளிக்கிழமை நயினாதீவுக்குப் போட்டு வருவம்" என்று மட்டும் சொன்னார்.

அம்மன் சந்நிதியில் நல்ல கூட்டம். கற்பூரப் புகைக்குள் எல்லோருடைய முகங்களும் மிதந்துகொண்டிருந்தன. ஐயர் தீபத்தைக் காட்டிய நேரம் அம்மா கைகளைத் தலைக்குமேல் குவித்து, பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கச் சொன்னார்: "தாயே, என்ர பிள்ளை திரும்பி வந்து உன்ர வாசலிலை நிக்குமட்டும் இந்த மனிசன் தேங்காயும் நெய்யும் முட்டையும் தொடமாட்டார்." ஐயா திடுக்கிட்டுத் திரும்பினார். டொக்டரோடு வாதாடலாம், பெண்சாதியை ஏமாற்றலாம். அம்மனுக்கு முன்னால், அதுவும் மகனின் பெயரால் வைத்த நேர்த்தியை என்ன செய்ய? கும்பிட்ட கையை இறக்காமலே நின்றார். திரும்பி வரும்போது உடைத்த தேங்காய்ப் பாதிகளை வள்ளக்காரனிடம் கொடுத்துவிட்டு, "நேர்த்தி வைச்சது நீர், வாயைக் கட்டுறது நானோ?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா கடலைப் பார்த்துச் சிரித்தார். மாரடைப்புக்குப் பிறகு அம்மா சிரித்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

அதன்பிறகு மாமி வீட்டில் எத்தனை வாசம் வந்தாலும் ஐயா அசையவில்லை. ஒரு வாய் சாப்பிட்டால் மகனின் வரவு தள்ளிப்போகும் என்று நம்பினார். பின்னேரங்களில் குறிகட்டுவான் பக்கம் நடப்பார். ஜெர்மனியில் இருந்து வருகிறவர் அந்தத் துறையில் வந்து இறங்கப் போவதில்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் வள்ளங்கள் வருவதையும் போவதையும் பார்த்து நின்றுவிட்டு, பொழுது சாயத் திரும்பி நடந்து வருவார். டொக்டர் சொன்ன நடை இப்படித்தான் நடந்தது. மறுமுறை இரத்தம் சோதித்துப் பார்த்த டொக்டர், "நல்லாக் குறைஞ்சிருக்கு. என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டார். "என்னைக் கேக்காதேங்கோ, இவவைக் கேளுங்கோ" என்றார் ஐயா.

எண்பத்தொன்பதில் அண்ணை வரப்போகிறார் என்று சேதி வந்தது. வீடு துள்ளியது. மாமி நண்டுக்கும் தேங்காய்க்கும் சொல்லிவைத்தார். அம்மா மட்டும் குசினிக்குள் போய் அடுப்படிப் பலகையில் இருந்துவிட்டார். என்னவென்று கேட்டேன்.

"நேர்த்தி முடிஞ்சிடுமெல்லோ, பிள்ளை."

"அப்ப ஏனம்மா அப்பிடி வைச்சனீங்கள்?"

"ஒரு முடிவு சொல்லாமல் நேர்த்தி வைக்க ஏலாது. இந்த மனிசன் சாகுமட்டும் எண்டு என்ர வாயாலை சொல்லுறதோ?"

நான் அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். டொக்டர் சொன்ன 'நெடுக' என்ற முடிவில்லாத சொல்லுக்கு நேர்த்தியில் இடம் இருக்கவில்லை. பெற்ற பிள்ளை வருகிறான் என்று சந்தோஷப்படவும் முடியாமல், வரவேண்டாம் என்று நினைக்கவும் முடியாமல் அந்த மனுஷி பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்கு அழுகை வருகிறது.

அண்ணை வந்தார். அம்மன் வாசலில் நின்றார். நேர்த்தி நிறைவேறியது. மாமி வீட்டு விறாந்தையில் வாழையிலை போட்டு, தடித்த பாலில் வேகவைத்த நண்டுக்கறியை ஐயாவுக்குத்தான் முதலில் வைத்தார்கள். ஐயா கண்ணை மூடிக்கொண்டு மென்றார். அவ்வளவு நிம்மதியான முகத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை. வெளிநாட்டில் இருந்து வந்தவனுக்கு இனசனம் முறைவைத்து விருந்து கொடுத்தது. அண்ணை நின்ற அந்த மாதம் முழுக்க ஐயாவும் கூடப் போய்ச் சாப்பிட்டார். பின்னேர நடை நின்றது. அம்மா இரவில் ஐயாவின் மூச்சைக் கேட்டபடி விழித்துக் கிடந்தார் என்பது எனக்குத் தெரியும்.

அண்ணை புறப்படுவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை எல்லோரும் மறுபடி நயினாதீவுக்குப் போனோம். கடல் தூங்குவதுபோலக் கிடந்தது. சந்நிதியில் தீபம் காட்டும்போது ஐயாவின் குரல் கேட்டது. "தாயே, இவன் திரும்பவும் வந்து இந்த வாசலிலை நிக்குமட்டும் தேங்காயும் நெய்யும் முட்டையும் எனக்கு வேண்டாம்." பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, "இந்தமுறை நானே வைச்சிட்டன். இனியெண்டாலும் நீர் இரவிலை நித்திரை கொள்ளும்" என்றார். அம்மா தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். இந்த மனிசன் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அடுத்த வருடம் சண்டை தொடங்கிப் பாதைகள் மூடின. தொண்ணூற்றொன்றில் நாங்களும் ஊரை விட்டு யாழ்ப்பாணத்துக்குப் போய்ச் சொந்தக்காரர் வீட்டில் ஓர் அறையில் இருந்தோம். குளிசைக்காக நான் ஏறி இறங்காத மருந்துக்கடை இல்லை. பல மாதங்கள் வெறுங்கையோடு வந்தேன். நேர்த்திக்கு மட்டும் தட்டுப்பாடு வரவில்லை. அந்த வீட்டார் அன்போடு வைத்த தேங்காய்ச் சம்பலை ஐயா சாப்பாட்டுக் கோப்பையின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, பின்னேரம் வெளிக்கிட்டு நடப்பார். அண்ணையின் வரவு வருடத்துக்கு வருடம் தள்ளிப்போனது.

தொண்ணூற்றைந்து தொடக்கத்தில், நித்திரையிலேயே ஐயா போனார். அண்ணைக்கு நேரத்துக்குச் சேதி சொல்லவும் வழி இருக்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து அம்மாவைக் கொழும்புக்குக் கூட்டிப் போய், ஒரு தொலைபேசிக் கடையில் இருந்து அண்ணையை எடுத்துக் கொடுத்தேன். கொள்ளிவைக்கவும் வராத பாவியாகிப் போனேன் என்று அவர் அழுதது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. அம்மா அவர் அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்தார்.

"அழாதை மோனை. நீ வராதபடியாத்தான் ஐயா இவ்வளவு காலமும் உயிரோடை இருந்தவர்."