பக்கத்துப் பாயிலிருந்த போல்ட்

எனக்குப் பயம் வந்தா வாய் நின்னுடும், கை சும்மா இருக்காது. அந்தக் கைதான் அன்னிக்கு என்னைக் கவுத்துச்சு.

ஆவடி பக்கம் போலீஸ் பயிற்சியில இருந்தேன். அங்கேயிருந்து வெள்ளானூர்ல எங்க ஊட்டுக்கு பஸ்ல அரை மணி நேரம்கூட ஆகாது, ஆனா நெனைச்சா போக முடியாது. ரெண்டு வயசுப் பொண்ணை என் ஓரகத்திகிட்ட உட்டுட்டு வந்து ஏழு மாசம் ஆச்சு. கடைசித் தேர்வு, துப்பாக்கியைக் கழட்டி மாட்டுறது. அதுல போச்சுன்னா அடுத்த பேட்சோட சேர்ந்து இன்னும் மூணு மாசம். போன தடவை ஓரகத்தி என்னைப் பார்க்கக் கூட்டிக்கினு வந்தப்பவே பொண்ணு என் மடியில ஏற யோசிச்சுது. இன்னும் மூணு மாசம்னா என் மூஞ்சியே மறந்துடும்.

பழகுனதெல்லாம் பழைய துப்பாக்கிங்க. ஆறு பேர் ஒரே தார்பாயைச் சுத்தி உக்காந்து கழட்டிக் குவிச்சு வெப்போம். கையில எது வருதோ அதை எடுத்து மாட்டுவோம். தேய்ஞ்சுபோன சாமான், எது வேணா எதுலயும் பொருந்தும். கடகடன்னு ஆடிக்கினே உள்ள போவும். எங்க கைக்குத் தெரிஞ்ச துப்பாக்கி அதுதான்.

தேர்வன்னிக்கு ஆளுக்கு ஒண்ணு, புத்தம் புதுசு. பெட்டியில இருந்து எடுத்த பிசுக்குகூட போகல. நடுவுல முன்னும் பின்னும் ஓடுற இரும்புத் துண்டு, போல்ட்டு, அதைப் பிடுங்கித்தான் எடுத்தேன். பக்கத்துப் பாயில திண்டிவனத்துப் பொண்ணு, என்னைவிடச் சின்னவ. அவளுக்குச் சத்தமில்லாம வந்துச்சு. எனக்கு வேற துப்பாக்கியோட போல்ட்டைப் போட்டுக் குடுத்துட்டாங்கன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

மாட்டுறதுக்கு இன்னும் விசில் ஊதல. எல்லாரும் கையைத் துடைச்சுக்கினு இருந்தாங்க. அவ துணி எடுக்கத் திரும்பினா. என் போல்ட்டை அவ பாயில வெச்சுட்டு அவளுதை எடுத்துக்கினேன். தார்பாயில தினம் செய்யுறதுதானே, தப்பாவே தோணல. சே, அப்பிடிச் சொல்றதும் பொய்தான். தோணுச்சு.

விசில் ஊதுனாங்க. அவ போல்ட்டும் என் துப்பாக்கியில நகரல. கை வேர்த்து வழுக்குது, சுத்தி டக் டக்குன்னு மத்தவங்க மாட்டுற சத்தம். கடைசியில உள்ளங்கையை வெச்சு ஒரே அமுக்கு. தோல் உரிஞ்சுது, போல்ட்டு உள்ள போயிடுச்சு. நேரத்துக்குள்ள முடிச்சுட்டேன். அவளும் என் போல்ட்டை அமுக்கி மாட்டி முடிச்சிருந்தா. புதுசு இறுக்கிக்கினுதான் இருக்கும், அமுக்கினா போவும். விஷயம் இவ்ளோதான்.

அதிகாரி வரிசையா பார்த்துக்கினே வந்தாரு. துப்பாக்கி உடம்புல ஒரு எண், போல்ட்டுலயும் அதே எண் இருக்கணும். பழசுல அதெல்லாம் தேய்ஞ்சு போச்சு, நாங்க யாரும் கவனிச்சதேயில்ல. அவளுதைத் திருப்பிப் பார்த்தாரு.

"ஏம்மா, இது யாரு போல்ட்டு?"

"இதுதான் சார் குடுத்தாங்க"ன்னு சொல்றப்பவே அவ குரல் உடைஞ்சுடுச்சு. அவரு பேனா அவ பேர் மேல நின்னுச்சு. அடுத்தது நான். என் வாயி வழக்கம்போல ஒட்டிக்கிச்சு. பொண்ணு மூஞ்சி கண்ணு முன்னாடி வந்துச்சு. அவளுக்கும் ஊட்டுல யாரோ காத்துக்கினு இருப்பாங்கன்னும் தோணுச்சு.

"நான்தான் சார் மாத்தினேன். அவளுக்குத் தெரியாது."

அவர் திட்டல. பேனாவை ஒரு வரி கீழ எறக்கி என் பேருக்கு நேரா எழுதினாரு.

சாயங்காலம் போன் பேச உட்டாங்க. ஓரகத்திதான் எடுத்தா.

"இன்னாமா, பாஸா?"

இல்ல, இன்னும் மூணு மாசம்னேன். அவளுக்குப் பின்னால என் பொண்ணு "ம்மா, ம்மா"ன்னு கூப்பிட்டுச்சு. இதோ கீறேன்டின்னு சொல்ல நான் வாயைத் திறக்குறதுக்குள்ள, ஓரகத்தி அந்தப் பக்கம் திரும்பி பதில் சொன்னா.

"இருடி கண்ணு, அம்மா போன் பேசிக்கினு கீறேன்ல."