தட்டுப் படம்

எங்கள் கோவை அபார்ட்மெண்டின் வாட்ஸ்அப் குழுவில் விருந்து என்று பேச்செடுத்தாலே யாராவது ஒரு தட்டுப் படம் போடுவார்கள். உடனே எல்லோரும் சிரிப்புப் பொம்மைகளைக் கொட்டுவார்கள்.

"எதுக்குங்க இது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பழைய தமாசுங்க, விடுங்க" என்றார் செயலாளர் அம்மா.

தனித்துத் தெரியக் கூடாதே என்று நானும் சிரித்தேன். ஒருமுறை முந்திக்கொண்டு நானே தட்டுப் படம் போட்டேன். அன்று சிரிப்பு அடங்கவே இல்லை. என்னையும் சேர்த்துக்கொண்டார்கள் என்று பூரித்துப்போனேன்.

சென்ற மாதம் புதிதாகக் குடிவந்த பெண் ஒருவர் அதே கேள்வியைக் கேட்டார். நான் இருப்பதை மறந்து, செயலாளர் அம்மா குழுவிலேயே பதில் எழுதினார்: "பொங்கல் விருந்துக்கு வால்பாறை அம்மணி ஒருத்தங்க ஊட்டுல இருந்தே தட்டு கொண்டாந்துட்டாங்க, அதானுங்க."

அந்த அம்மணி நான்தான். எங்கள் தேயிலை எஸ்டேட்டின் லைன் வீடுகளில் பொது விருந்துக்கு அவரவர் தட்டோடுதான் போவோம். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

சற்று நேரத்தில் செயலாளர் அம்மாவிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது: "தப்பா எடுத்துக்காதீங்க கண்ணு."

மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. குழுவை விட்டு வெளியேறிவிட்டேன். நான் போட்ட தட்டுப் படம் மட்டும் இன்னும் அங்கேயே கிடக்கிறது, அத்தனை பேரின் சிரிப்போடு.