கப்டனுக்கு நான் சொன்ன வானிலை

கப்டன் மருதமுத்து இறந்த செய்தி எனக்கு ஒரு கணினித் திரையில்தான் வந்தது. கொட்டகலை கடைவீதியில் அச்சு வேலையும் போட்டோக்கொப்பியும் செய்கிற கடையொன்றில் நான் வேலை பார்க்கிறேன். காலையில் கடை திறந்த கையோடு அவருடைய மகள் செல்வி வந்தார். பென்டிரைவை நீட்டி, "மரண அறிவித்தல் அடிக்கணுங்கக்கா. அப்பா நேத்து விடியக்காலையில தவறிட்டாரு" என்றார். படத்தைத் திறந்தேன். வெள்ளைச் சட்டை, தோளில் நான்கு தங்கக் கோடுகள், அரைச் சிரிப்பு. அந்தச் சிரிப்பைச் சரியாக நடுவில் வைத்து, அதன் கீழே பெயரையும் பிறந்த ஊரையும் நான்தான் தட்டச்சு செய்தேன். பிழை வராமல் செய்தேன். 

ஒரு வாரம் கழித்துச் செல்வி மறுபடியும் வந்தார். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் போடுகிறார்களாம். "நீங்க அப்பாவோட ஒன்னா வேல செஞ்சவங்க. ஒங்கள பத்தி வீட்டுல நல்லா சொல்லுவாரு. ஒரு பக்கம் எழுதித் தாங்கக்கா."

நல்லா சொல்லுவாரு என்ற சொல்லை அவர் எந்த வஞ்சகமும் இல்லாமல்தான் சொன்னார். எழுதுகிறேன் என்றேன்.

அவரைத் தெரிந்தவர்களுக்கு அவர் வரலாறு தெரியும். டயகமவில், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான ஒரு லயத்தில் பிறந்தவர். வளைகுடா நாடொன்றின் விமான நிலையத்தில் விமானங்களின் உட்புறம் துடைக்கிற வேலைக்குப் போய், சம்பளத்தை மிச்சம் பிடித்து, பறக்கப் படித்து, முப்பது வருஷத்துக்கு மேல் பெரிய விமானங்களை ஓட்டியவர். ஐம்பத்தெட்டு வயதில் ஊருக்குத் திரும்பியவரை, மிதவைகள் பூட்டிய சிறிய விமானமொன்றில் கொழும்புப் பக்கமிருந்து உல்லாசப் பயணிகளை ஏற்றிவரும் கம்பனியொன்று வேலைக்கு எடுத்தது. ஹட்டனுக்குப் பக்கத்து நீர்த்தேக்கத்தில் அந்த விமானம் இறங்கும். அந்தக் கரையில், தகரக் கொட்டகையொன்றில் ரேடியோவுடன் உட்கார்ந்து காற்றையும் பனிமூட்டத்தையும் விமானிக்குச் சொல்வதுதான் அந்நாளில் என் வேலை. அப்போது எனக்கு நாற்பது வயது.

முதல் நாள் இறங்கி வந்ததும் என்னிடம் கேட்டார்:

"எந்த ஊரு?"

"கொட்டகலைங்க, சேர்."

"கொட்டகலைல எந்தத் தோட்டம்?"

நான் தயங்கினேன். விடுதிக்குப் போகிற விருந்தினர்களும் கம்பனி அதிகாரி ஒருவரும் பக்கத்தில் நின்றார்கள். அப்படிப்பட்ட இடத்தில் தோட்டத்தின் பெயரைச் சொல்ல எங்களில் பலருக்கு வாய் வராது. அவர் சத்தமாகவே சொன்னார்: "நான் டயகம. லயத்துல கடைசிக் காம்பரா. மழ பேஞ்சா முதல்ல எங்க வீட்டுலதான் ஒழுகும்." பிறகு அதையே ஆங்கிலத்தில் அந்த அதிகாரிக்கும் சொல்லிச் சிரித்தார். அன்று நான் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் நிமிர்ந்து உட்கார்ந்து போனேன். இதை மறைத்து எழுத முடியாது.

காற்றைச் சொல்வதற்கு எங்களுக்கு, விமானம் வந்து நிற்கிற துறையில் ஒரு துணிப்பை கட்டியிருந்தது. ஆனால் அது மலைமடிப்புக்குள் இருந்ததால் பாதி நாள் தொங்கிக்கொண்டே இருக்கும். ஒருநாள் அவர் நெருங்கி வரும்போது ஆங்கிலத்தில் சரியான வார்த்தை கிடைக்காமல், "சேர், பைய நம்பாதீங்க. அக்கரை லயத்துல காயப்போட்ட சீலையெல்லாம் நீங்க போற பக்கமாவே பறக்குது" என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவர் சுற்றிக்கொண்டு, காற்றுக்கு எதிர்முகமாக மறுபக்கமிருந்து வந்து இறங்கினார். திட்டுவார் என்று பயந்தேன். கொட்டகைக்குள் வந்து, "முப்பது வருஷத்துல ஒரு ஏர்போட்லயும் எனக்கு இப்பிடிக் காத்து சொன்னதில்ல" என்றார். அதற்குப் பிறகு தினமும், "சீலை என்னா சொல்லுது?" என்றுதான் ரேடியோவில் கேட்பார்.

ரேடியோவில் ஆங்கிலம்தான் பேசவேண்டும் என்பது விதி. அவரே எனக்கு விலக்குக் கொடுத்தார். "மத்த பைலட்மாருக்கு இங்கிலீஷ்ல சொல்லு. எனக்கு அவசரம்னா தமிழ்ல சொல்லு. எறங்குற நேரத்துல எனக்குத் தமிழ்தான் சட்டுன்னு ஏறும்." அவரோடு பறந்த துணை விமானி வெளிநாட்டுக்காரர். நாங்கள் பேசுவதைக் கேட்டு அவரும் ஒன்றும் விளங்காமலே சிரிப்பார். மூட்டமில்லாத நாட்களில், "ரொட்டியும் கட்டச்சம்பலும் இருக்குங்க, சேர், எறங்குங்க" என்பேன். "சரி" என்பார். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ஆனால் அந்த ரொட்டிதான் பிறகு என் கழுத்தைப் பிடித்தது.

காற்றே இல்லாத காலைகளில் நீர்த்தேக்கம் அசையாமல் கிடக்கும். வேடிக்கை பார்ப்பவர்களுக்கு அழகு. விமானிக்கு அதுதான் மோசமான தரை. தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்றே மேலேயிருந்து தெரியாதாம். அப்படிப்பட்ட நாட்களில் நான் அந்தோனி அண்ணனைப் படகோடு அனுப்புவேன். கயிறு பிடித்து விமானத்தைக் கட்டுகிறவர் அவர். படகை இரண்டு சுற்று ஓட்டினால் அலை எழும்பும். அந்த அலையைப் பார்த்துக் கப்டன் இறங்குவார். ஒருநாள் மூன்று பேரும் துறையிலிருந்து தண்ணீருக்குள் நீளும் மரப்பாலத்தில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போது சொன்னார்: "பெரிய ஏர்போட்ல ஓடுபாதையே வெளக்குப் போட்டு இங்க வாடான்னு கூப்பிடும். இந்தத் தண்ணி வாயே தொறக்காது. கரையில நிக்கிற நீங்க ரெண்டு பேருந்தான் எனக்கு ஓடுபாதை."

அந்தோனி அண்ணன் அதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருப்பார்.

பெரிய மனிதர்களை ஏற்றிவந்த ஒருநாள், மூட்டம் இறங்குகிறது என்று நான் சொன்னதும் கப்டன் மறுபேச்சில்லாமல் திரும்பிப் போனார். விடுதியில் பூமாலையோடு காத்திருந்தவர்கள் கொதித்தார்கள். கம்பனி அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. அடுத்த முறை வந்தபோது, "ஏச்சு வாங்குனீங்களா, சேர்?" என்று கேட்டேன். "எறங்கத் தெரிஞ்சவனுக்குச் சம்பளம் குடுக்குறாங்க. திரும்பத் தெரிஞ்சவனுக்குக் கடுதாசி குடுக்குறாங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும்.

ஐந்தாறு மாதம் கழித்து, ஒரு பகல் நேரம். கம்பனித் தலைவரும் அவருடைய விருந்தாளிகளும் விமானத்தில் இருந்தார்கள். மேலேயிருந்து பார்த்தால் நீர்த்தேக்கத்தின் நடுப்பகுதி தெளிவாகத்தான் தெரிந்திருக்கும். துறைப்பக்கம் மூடிக்கொண்டது கரையில் நிற்பவருக்குத்தான் தெரியும். நான் ரேடியோவை எடுத்தேன். "சேர், துறைப்பக்கம் மூட்டம் எறங்கிருச்சு. பாலம் தெரியல. எறங்காதீங்க."

"சரி" என்றார்.

திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் இயந்திரச் சத்தம் தாழ்ந்துகொண்டே வந்தது. மறுபடியும் கத்தினேன்: "சேர், எறங்காதீங்க! அந்தோனி அண்ணன் பாலத்துல நிக்கிறாரு!"

பதில் வரவில்லை. மூட்டத்துக்குள்ளிருந்து விமானம் வந்தபோது பாலத்துக்கு மிகப் பக்கத்தில் இருந்தது. தண்ணீரில் பிரேக் கிடையாது. மிதவை பாலத்தின் முனையில் மோதியது. கயிற்றோடு நின்ற அந்தோனி அண்ணனின் வலது கால் இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டது. வந்தவர்களில் ஒருவருக்கும் சிராய்ப்புக்கூட இல்லை. கப்டன் குதித்து ஓடிவந்து, தன் சட்டையைக் கழற்றி அந்தக் காலைச் சுற்றிக் கட்டினார். ஆஸ்பத்திரி வரைக்கும் வேனில் கூடவே போனார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டு வாரம் கழித்துக் கொழும்பில் கம்பனி விசாரணை வைத்தது. எங்கள் ரேடியோப் பேச்சைப் பதிவு செய்கிற ஏற்பாடு எதுவும் இல்லை. என் குறிப்புப் புத்தகத்தில் எல்லாம் எழுதியிருந்தேன். அது விபத்துக்குப் பிறகு எழுதிச் சேர்த்ததாக இருக்கலாம் என்றார்கள். துணை விமானியைக் கேட்டார்கள். அவர் நேர்மையாகவே சொன்னார்: "அந்தப் பெண் இரண்டு முறை பேசினார். அவர்கள் மொழியில் பேசினார். எனக்கு விளங்கவில்லை. கப்டன் ஒரு முறை பதில் சொன்னார்."

பிறகு கப்டனைக் கேட்டார்கள். அவர் என் பக்கம் திரும்பவில்லை. ஆங்கிலத்தில் சொன்னார்: "பகல் சாப்பாடு தயார் என்றார். வழக்கமாகச் சொல்வதுதான். நான் சரி என்றேன். மூட்டத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை."

எனக்கு ஆங்கிலம் விளங்கும் என்பது அந்த அறையில் யாருக்கும் ஞாபகமில்லை. நான் எழுந்துவிட்டேன். "சேர், நான் சாப்பாடா சொன்னேன்? என்னையப் பாத்துச் சொல்லுங்க, சேர்."

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு அதிகாரி என்னை உட்காரச் சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம் சிங்களத்தில், தோட்டத்து ஆட்களிடம் ரேடியோவைக் கொடுத்தால் இப்படித்தான் நடக்கும் என்றார். அதுவும் எனக்கு விளங்கியது. கப்டனுக்கும் விளங்கியது. லயத்துக் கடைசிக் காம்பராவில் பிறந்தவன் என்று முன்னொருநாள் அத்தனை பேருக்கு நடுவில் சொன்னவர் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் சொன்ன பொய்யைவிட அந்த மௌனம்தான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

ரேடியோவில் ஆங்கிலம் பேசாத குற்றத்துக்காக என்னை வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்தோனி அண்ணன் மூன்று மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து ஊன்றுகோலோடு வந்தார். "நீ கத்துனது எனக்கு நல்லா கேட்டுச்சு, தங்கச்சி. ஆனா என்னையத்தான் ஒருத்தரும் வந்து கேக்கலியே" என்றார். கப்டன் இன்னும் இரண்டு வருஷம் பறந்தார். ஓய்வு பெற்றபோது மாலை போட்டார்கள். பத்திரிகையில் படம் வந்தது. அந்தப் பக்கத்தை அவர் வீட்டார், அதற்குள் நான் வேலைக்குச் சேர்ந்திருந்த இந்தக் கடைக்கே கொண்டுவந்து லேமினேட் செய்யக் கேட்டார்கள். செய்து கொடுத்தேன்.

அந்த வருஷங்களில் எனக்கு நடந்த இன்னொன்றையும் சொல்கிறேன். மெல்ல மெல்ல எனக்கே என்மீது சந்தேகம் வந்தது. சொன்னேனா? பொத்தானைச் சரியாக அழுத்தினேனா? அவசரத்தில் குரல் உடைந்து வேறேதாவது கேட்டிருக்குமா? அத்தனை பெரிய மனிதர் பொய் சொல்வாரா? பாத்திரம் கழுவும்போது அந்த இரண்டு வாக்கியங்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். என் மகள் என்னை ஒருமாதிரி பார்ப்பாள்.

போன பங்குனியில் கப்டன் ஆளனுப்பினார். கொட்டகலையில் அவர் கட்டிய வீட்டுக்குப் போனேன். நோயில் பாதியாகியிருந்தார். அவருடைய மனைவி தேநீர் வைத்துவிட்டு உள்ளே போனதும், எந்த முன்னுரையும் இல்லாமல் சொன்னார்:

"ரெண்டு தடவையும் கேட்டுச்சு, புஷ்பா."

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அன்னைக்கித் திரும்பியிருந்தா வேல போயிருக்கும். அந்தக் கடுதாசில அப்பிடித்தான் எழுதியிருந்தாங்க. எறங்கிரலாம்னு நெனச்சேன். எத்தனையோ தடவ எறங்கியிருக்கேன்."

"அது சரிங்க, சேர். சாப்பாடுன்னு ஏன் சொன்னீங்க?"

"வேற ஒன்னும் வாயில வரல."

"இத ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. கையெழுத்துப் போட்டு. எனக்கு வேற ஒன்னும் வேணாம்."

"எழுதினா எல்லாம் போயிரும்மா. எங்கிட்ட மிச்சம் இருக்கிறது எம் பேரு ஒன்னுதான்."

"எம் பேரு, சேர்?"

அவர் கண்களைத் துடைத்தார். "கொஞ்சம் யோசிச்சிட்டுக் கூப்புடுறேன்" என்றார். நம்பினேன். அத்தனைக்கும் பிறகும் நம்பினேன். இரண்டு மாதம் தொலைபேசியைக் கைக்கெட்டும் இடத்திலேயே வைத்திருந்தேன். அழைப்பு வரவில்லை. செல்விதான் பென்டிரைவோடு வந்தார்.

இதையெல்லாம் எழுதி மலருக்குக் கொடுத்தேன். மலர்க் குழுவைச் சேர்ந்த ஒருவர் கடைக்கு வந்து, ரொம்ப மரியாதையாகத் திருப்பித் தந்தார். "சீலைக் கத வரைக்கும் போடலாங்க. விசாரண, அப்புறம் கடைசில வாறதெல்லாம் வேணாங்க. நம்ம சமூகத்துல இருந்து பறந்த ஆளு. நம்மளே கீழ எறக்கலாமா?" நானும் அதே சமூகந்தான் என்றேன். அந்தோனி அண்ணனும் அதேதான் என்றேன். வெட்டித் தர நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே இது மலரில் வராது. செல்வி மட்டும் முழுவதையும் கடை வாசலில் நின்றபடியே படித்தார். படித்து முடித்துத் தாள்களை ஒழுங்காக அடுக்கி என் கையில் கொடுத்தார். "எங்கயாவது போடுங்கக்கா" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

கப்டனை மன்னித்துவிட்டேனா என்று அந்தோனி அண்ணன் கேட்டார். இல்லை. அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. ஆனாலும் அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்று உண்டு. சாட்சியில்லாத, கையெழுத்தில்லாத, இந்த உலகத்தில் எந்த அலுவலகமும் ஏற்காத அந்த ஒரே வாக்கியம். பாத்திரம் கழுவும்போது நான் இப்போது தனியாகப் பேசிக்கொள்வதில்லை. நான் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன். அது அவருக்குக் கேட்டது.