நம்பாததைச் சொல்லாத பாக்கியம் அக்கா

பாக்கியம் அக்கா காலமான செய்தி செவ்வாய்க்கிழமை காலை முருங்கனிலிருந்து தொலைபேசியில் வந்தது. பேசியவர் அவருடைய பக்கத்துக் காணிக்காரர். "விதானையார், மனிசிக்கு இஞ்ச ஒருத்தருமில்லை. உங்களுக்குச் சொல்லவேணும் எண்டு நினைச்சன்" என்றார். ஏன் எனக்கு என்று நான் கேட்கவில்லை. இப்போது நான் இருக்கும் பேசாலையிலிருந்து முதல் பஸ்ஸில் போனேன்.

அக்காவை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். மலைநாட்டில் கலவரத்தில் தோட்டத்து லய வீட்டை இழந்து, கணவரோடு எங்கள் முருங்கன் பக்கம் வந்து குடியேறியவர். கணவர் சில வருடங்களிலேயே காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. வயலில் கூலிக்கு நாற்று நட்டுச் சீவித்தார். முன்பு ஒரு சிங்களக் குடும்பத்தில் சமையல் வேலை செய்தவர் என்பதால் சிங்களம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு.

போர்க்காலத்தில் ஒரு நாள், ஊர் அரிசி ஆலைக்குள் ஒன்பது இராணுவத்தினர் அகப்பட்டுக்கொண்டார்கள். இயக்கப் போராளிகள் சுற்றி வளைத்திருந்தார்கள். சரணடையச் சொல்லிப் பேச ஆள் தேடியபோது, அப்போது ஊருக்கு விதானையாக, அரசாங்கத்தின் கிராம அலுவலராக, இருந்த நான்தான் அக்காவைக் கூட்டிப்போனேன். சேற்றுக் காலோடு வந்தார். வெள்ளைத் தலையணை உறையொன்றைத் தடியில் கட்டிக் கொடுத்தேன்.

"வெளியில வந்தா உயிருக்கு ஒண்டும் நடக்காது எண்டு சொல்லுங்கோ" என்றார் இயக்கப் பொறுப்பாளர்.

"நெசமா நடக்காதுங்களா?" என்று கேட்டார் அக்கா.

"அதை மேலிடம் முடிவெடுக்கும். நீங்கள் நான் சொன்னதைச் சொல்லுங்கோ."

"நான் நம்பாதத என் வாயால சொல்ல மாட்டேனுங்க. மேலிடம் முடிவு பண்ணும்னு வேணா சொல்றேன்."

அதையேதான் போய்ச் சொன்னார். உள்ளேயிருந்து ஒருவரும் வரவில்லை. அக்கா திரும்பி வந்து மதிலோரம் குந்திக்கொண்டார். "மேலிடத்தக் கேட்டுட்டு வாங்க, நான் இருக்கேன்" என்றார். பொறுப்பாளர் ஏசிக்கொண்டே வோக்கிடோக்கியை எடுத்தார்.

மதியமளவில் இராணுவ முகாமிலிருந்து ஷெல் அடிக்கத் தொடங்கினார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஒரு வார்த்தையில முடியிற அலுவல் அக்கா. ஊர் அழியப்போகுது" என்றேன்.

"தெரியுதுங்க ஐயா. ஆனா அவங்க என்னைய நம்பித்தானே வெளிய வருவாங்க" என்றார்.

பின்னேரம் பதில் வந்தது. கைதிகளாக உயிரோடு வைத்திருப்பார்கள், காயத்துக்கு மருந்து கொடுப்பார்கள். அக்கா அதைப் பொறுப்பாளரின் வாயால் இரண்டு தரம் சொல்லவைத்துவிட்டுத்தான் எழும்பிப் போய் உள்ளே சொன்னார். ஒன்பது பேரும் துவக்குகளை வாசலில் போட்டுவிட்டு வந்தார்கள். பிற்பாடு கைதிகளை மாற்றிக்கொண்டபோது ஒன்பது பேரும் வீடு போய்ச் சேர்ந்ததாக அறிந்தோம்.

ஆனால் நாங்கள் காத்திருந்த அந்த நேரத்தில் விழுந்த ஷெல் ஒன்றில் என் தம்பி சூசை செத்துப்போனான். மாட்டை அவிழ்க்கப் போனவன்.

"அவ ஒரு பொய் சொல்லியிருந்தா என்ரை தம்பி இருந்திருப்பான்" என்று செத்தவீட்டில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். விதானையின் சொல்லை ஊர் தட்டவில்லை. நடவுக்கு அவரைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். கிணற்றடிக்கு அவர் வந்தால் பெண்கள் வாளியோடு விலகினார்கள். அக்கா தினமும் பஸ் ஏறி வங்காலைக்குப் போய்க் கருவாடு காயவைத்துப் பிழைத்தார். பேச்சுத் துணைக்கும் ஆளில்லாமல் அப்படியே பல வருடங்கள் கழிந்தன.

யுத்தம் முடிந்த பிறகு ஒருமுறை முருங்கன் பஸ் தரிப்பிடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றார். "விதானை ஐயா, அன்னைக்கி நான் பொய் சொல்லியிருக்கணுமா?" என்று கேட்டார். குற்றம் சாட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அப்போது வந்து நின்ற பஸ்ஸில் நான் ஏறிவிட்டேன். அது நான் போகவேண்டிய பஸ்கூட இல்லை.

செவ்வாய்க்கிழமை அவர் வீட்டில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். தூக்குவதற்கு அது மட்டுமட்டாகக் காணும். மற்றவர்கள் பாடை கட்டப் போனபோது நான் மட்டும் அக்காவின் தலைமாட்டில் இருந்தேன்.

பொய் சொல்லியிருந்தால் சூசை இருந்திருப்பான், அக்கா. இருந்திருக்கக்கூடாதா என்று இன்றைக்கும் எனக்கு மனம் அடித்துக்கொள்கிறது. ஆனாலும் நீங்கள் பொய் சொல்லியிருக்கக்கூடாது. இதைச் சொல்ல அன்றைக்குப் பஸ் தரிப்பிடத்தில் எனக்கு ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. ஊரை உங்களிடமிருந்து பிரித்தவன் நான்தான், அதனால் ஊர் வாசிக்க இதை எழுதுகிறேன். உங்களுக்குத்தான் கேட்காது. போய்வாருங்கள், அக்கா.