அண்ணனுக்காகப் போட்ட மொட்டை

திருத்தணிக்காரன் லேசில் மலை ஏற மாட்டான். வெளியூர் ஜனங்கள் வேன் பிடித்து வந்து முடி கொடுத்துவிட்டுப் போவார்கள். நாங்கள் கீழே நின்று அவர்களுக்கு வழி சொல்லுவோம். நாற்பத்தெட்டு வயது வரை வழி மட்டுமே சொல்லிக்கொண்டிருந்த என் தலையிலும் ஒருநாள் கத்தி இறங்கியது. அண்ணன் செய்த வேலை.

முருகனுக்கு மொட்டை போடுவதாக அவர் வேண்டிக்கொண்டிருந்தார். எதற்கென்று யாரிடமும் சொல்லவில்லை. போடுவதற்குள் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டார். சாவு விழுந்த வீடு ஒரு வருஷம் மலை ஏறக்கூடாது. வருஷம் திரும்பியதும் அண்ணி, அவர் வேண்டுதலை வீட்டில் இருக்கிற யாராவது முடித்தாக வேண்டும் என்றார். வீட்டில் இருந்தது அண்ணி, மாடியில் தனிக்கட்டையாக நான், அப்புறம் அண்ணனின் நாய். மூன்று பேரில் தினமும் கண்ணாடி முன் அரைமணி நேரம் தலை வாருகிறவன் நான்தான் என்பதால் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அண்ணன் பொதட்டூர்பேட்டைக்குப் போய்த் தறிக்காரர்களிடம் லுங்கி எடுத்துவந்து இங்கே விற்றவர். மொபெட்டில் பின்னால் லுங்கிக் கட்டு, முன்னால் கால் வைக்கிற இடத்தில் நாய். சாயங்காலம் ஆறரைக்கு வீடு திரும்புவார். அவர் போன பிறகும் நாய் ஆறரைக்கு கேட்டுக்குப் போய் உட்காரும். அது எழுந்து போவதைப் பார்த்ததும் அண்ணி அடுப்பில் டீ வைப்பார். யாருக்கு என்று நான் கேட்டதில்லை. ஆறிப்போன பிறகு, வீணாகிறதே என்று நானே குடித்துவிடுவேன்.

மொட்டையடித்துச் சந்தனம் பூசிக்கொண்டு நான் கேட்டைத் திறந்த மத்தியானம், நாய் என்னைப் பார்த்துக் குரைத்தது. கூப்பிட்டேன். தெரிந்த குரல் தெரியாத தலையிலிருந்து வந்ததில் இன்னும் மிரண்டு, என் காலுக்கிடையில் புகுந்து ஓடிவிட்டது. துரத்தினேன். மஞ்சள் மண்டை ஒன்று பின்னால் வந்தால் எந்த நாய் நிற்கும்? தலையில் துண்டு கட்டலாம் என்ற புத்தி பஸ் ஸ்டாண்ட் வந்த பிறகுதான் வந்தது. நாயைப் பார்த்தீர்களா என்று கேட்டால், பாதிப் பேர் என்னை வெளியூர் பக்தன் என்று நினைத்து மலைக்கு வழி சொன்னார்கள்.

அன்று ஆறரைக்கு கேட்டில் யாரும் இல்லை. அடுப்பும் எரியவில்லை. அண்ணி திட்டவில்லை, திட்டியிருந்தால் ஏதாவது உளறிச் சிரிக்க வைத்திருப்பேன். மறுநாள்தான் வாய் திறந்தார்.

"அதுவாச்சும் காத்துகினு இருந்துச்சி தம்பி. இப்ப நான் மட்டும் கேட்டாண்ட உட்காந்துகினு இருந்தா பைத்தியம்னுவாங்க."

துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு மறுபடி தேடக் கிளம்பினேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் தெருமுனையில் மொபெட் சத்தம் கேட்டது. திருப்பத்தில் ஒரு இருமல், அப்புறம் மெதுவாகும் உறுமல். அண்ணன் வண்டியின் அதே சத்தம். உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது, தலையைத் தவிர. அண்ணி வெளியே எட்டிப் பார்க்கவில்லை. எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தார்.

வண்டி கேட்டில் வந்து நின்றது. முன்னால் நாய். ஓட்டிவந்தவர் நான் பார்த்தேயிராத ஓர் ஒல்லியான மனிதர்.

பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டுகிறவராம். அண்ணன் இவருக்கு எதிர்வீட்டில் லுங்கி எடுக்கும்போதெல்லாம் நாய் இவர் வாசலில் படுத்திருக்கும். இவர் பிஸ்கட் போடுவார். அண்ணனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. பஸ்ஸிலேயே முக்கால் மணி நேரம் ஆகிற தூரத்தை நாய் நடந்தே போய் அதே வாசலில் படுத்திருக்கிறது. எதிர்வீட்டார் கல்யாணத்துக்குப் போய்விட்டதால் விசாரிக்க ஆளில்லை.

"நாய் முன்னாடி வந்துடுச்சி, அவரு பின்னாடி வந்துகினு இருப்பாருன்னு ரெண்டு நாளு வாசல்லயே பாத்துகினு இருந்தேங்க" என்றார்.

அண்ணன் திருத்தணிக்காரர் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அதனால் நாயை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு அதன் பின்னாலேயே வண்டியை உருட்டி வந்திருக்கிறார். எங்கள் தெருமுனைக்கு வந்ததும் அது நின்று, தானே வண்டியில் ஏறிக்கொண்டதாம்.

அண்ணி டம்ளரோடு வெளியே வந்தார். அண்ணனின் டம்ளர். வந்தவரைப் பார்த்து ஒரு கணம் நின்றார். பிறகு அதை அவரிடமே கொடுத்தார்.

"அவரு இல்லீங்களா? பாத்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சி."

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி சொன்னார். "வெளிய போயிருக்காரு."

"ஆங். வந்தா சொல்லுங்க. லாரிங்க போற ரோடு, நாயத் தனியா வுட வேணாம்னு."

"சொல்றோம்" என்றேன் நான். நாயின் தலையைத் தடவி, "வரேன் நைனா" என்று அதனிடம் மட்டும் சொல்லிக்கொண்டு அவர் கிளம்பினார்.

மறுநாள் ஆறரைக்கு நாய் கேட்டுக்குப் போனது. போகிற வழியில் என் மண்டையை ஒருமுறை சந்தேகமாகப் பார்த்தது. உள்ளே அடுப்பு எரியும் சத்தம் கேட்டது. நானும் ஸ்டூலை எடுத்துப் போய் நாய் பக்கத்தில் உட்கார்ந்தேன். டீ ஆறிக்கொண்டிருந்தது, தொடவில்லை. அண்ணனிடம் சொல்ல என்னிடம் ஒரு சேதி இருந்தது.