வெளுத்த நன்னாரி வேர்

பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு, அறுபதுகளின் கடைசியில் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனி லேபில் சேர்ந்தேன். மண்ணைச் சோதிப்பது வேலை. எனக்கு முதலில் வந்து வாய்த்ததோ ஒரு வேர்.

கொண்டுவந்தவர் மங்கலம்பேட்டை நன்னாரி வியாபாரி காதர் பாய். சுற்றுவட்டாரத்தில் லேப் என்று இருந்தது எங்களுடையது ஒன்றுதான். சென்னைத் தைலக் கம்பெனி ஒன்று, எண்ணெய் காறிப்போகாமல் காக்கும் ஆன்டி-ஆக்ஸிடன்ட் இந்த வேரில் இருப்பதாக லேப் ரிப்போர்ட் காட்டினால் மொத்தச் சரக்கையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. கிடங்கு நிறைய வேர். மழை பிடித்தால் அத்தனையும் பூசணம் பூத்துவிடும்.

எங்கள் சீஃப் கெமிஸ்ட் மூட்டையைப் பிரித்து முகம் சுளித்தார்.

"என்னா பாய், ஒரே புழுதியா இருக்குது? கழுவாத சாம்பிள நாங்க தொடறதில்ல. நல்லா ஊறவச்சு, தேய்ச்சு, வெள்ளையாக்கிக் கொண்டாங்க."

பீங்கான்காரர்களுக்கு வெளுப்புதான் தரம். களிமண்ணை அப்படித்தான் கழுவி வாங்குவோம். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

அடுத்த வாரம் பாய் கொண்டுவந்த வேர் உரித்த முருங்கை விதைபோல் வெளுத்திருந்தது. "ராவெல்லாம் ஊறப்போட்டு, நார் வச்சுத் தேய்ச்சேங்க. தோலு பூரா வந்துட்டுது."

"இதான் பாய் சாம்பிளு!" என்று சீஃப் பூரித்துப்போனார். அவர் உத்தரவுப்படி நான் டைட்ரேஷன் செய்தேன். வேரைக் காய்ச்சிய கஷாயத்தில் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். சத்து இருந்தால் ஊதா நிறத்தை விழுங்கிக்கொண்டே போகும். இதுவோ முதல் சொட்டிலேயே ஊதாவாக நின்றது. மறுபடி செய்தும் அதே கதை.

"பாய், ஊறவச்ச தண்ணி என்னாச்சுங்க?"

"கமகமன்னு இருந்துச்சு, கொட்ட மனசு வரல. சர்க்கரையப் போட்டு வூடே குடிச்சுட்டோம்."

நான் அளக்க வேண்டியது மங்கலம்பேட்டையில் ஒரு குடும்பத்தின் வயிற்றில் இருந்தது. கழுவாத வேரில் இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று சீஃபிடம் கெஞ்சினேன்.

"மண்ணுக்கு ஒரு ரூலு, வேருக்கு ஒரு ரூலா? எழுதுப்பா."

'சாம்பிள் மிகத் தூய்மையானது. ஆன்டி-ஆக்ஸிடன்ட் இல்லை.' ரிப்போர்ட்டில் கையெழுத்து அவருடையது. சென்னைக்காரர்கள் சரக்கு வேண்டாம் என்றுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு எந்தச் சாம்பிள் வந்தாலும், தராசில் வைக்கும் முன், இதை இதுவரை என்ன செய்தீர்கள் என்று கேட்காமல் நான் வாங்கியதில்லை. சீஃப் என்ன கற்றுக்கொண்டார் என்பது எனக்குத் தெரியாது.

மழைக்கு முன்பே பாய் வேரையெல்லாம் காய்ச்சி சர்பத்தாக்கி பாட்டிலில் அடைத்துவிட்டார். கோடையில் எங்கள் கம்பெனி கேட்டிலேயே கடை போட்டார். முதல் வாடிக்கையாளர் சீஃப்.

"என்னா தெம்பா இருக்குது பாய்! இதுல ஏதோ சத்து இருக்குது."

"இல்லீங்களே சார்," என்றார் பாய், டம்ளரை வாங்கிக்கொண்டே. "நீங்கதான எழுதிக் குடுத்தீங்க?"