நாய் வளர்க்காத வீடு

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள்:

மாஸ்டர். வரலாறு படிப்பிப்பவர். முன் ஹோலில் ரியூஷன் நடத்துவார்.

அவருடைய மனைவி. நான் அம்மா என்று கூப்பிடுவேன்.

மூத்த மகள்.

இளைய மகள்.

அம்மாவின் தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெளிநாடு போகக் காத்திருந்தவர்.

நான்.

ரியூஷன் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்கள் வந்து போகிறவர்கள். அவர்களைச் சேர்க்கவில்லை.

வீடு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில். ரயில் போனால் குசினியில் சட்டி மூடியெல்லாம் கிலுங்கும். எட்டு வருசம் அந்தக் குசினியில் சமைத்தேன். அங்கேயே பாய் போட்டுப் படுத்தேன். தேயிலைத் தோட்டத்திலிருந்து அப்பா கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். நாலாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டி எழுதுவேன். அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

சண்டைக் காலம் அது. கொழும்பில் தமிழர் வீடென்றால் பொலிஸில் பதிய வேண்டும். வீட்டில் யார் யார், என்ன வயது, அடையாள அட்டை நம்பர் என்ன, எல்லாம் ஒரு பேப்பரில் எழுதிச் சீல் குத்தித் தருவார்கள். ஆமி வந்தால் அந்தப் பேப்பரைக் காட்ட வேண்டும். பேப்பரில் இல்லாத ஆள் வீட்டில் நின்றால் பிடித்துக்கொண்டு போவார்கள். போனவர்களில் சிலர் திரும்பவில்லை. இது ஒழுங்கையில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அந்த வீட்டுப் பேப்பரில் என் பெயர் இல்லை.

நான் வாய் திறந்து கேட்காமல் இருக்கவில்லை. கேட்டேன்.

"ஐயா, எம் பேரயும் எழுதுங்க. பயமா இருக்குங்க."

"உன்னட்டை ஐடென்ரிக் கார்ட் இல்லையே பிள்ளை. கார்ட் இல்லாத ஆளைப் பதியப் போனா ஆயிரம் கேள்வி கேப்பாங்கள். உனக்குத்தான் கரைச்சல்."

"அப்ப கார்டு எடுக்க ஒரு கையெழுத்துப் போட்டுத் தாங்க ஐயா. பொறந்த துண்டு வந்திருச்சு. அப்பா அனுப்பிட்டாரு."

"பாப்பம்."

வீட்டுக்காரர் கையெழுத்து ஒன்றுதான் குறை. விண்ணப்பம் அவருடைய மேசையில் கிடந்தது. அதன் மேல் தேத்தண்ணீர் வைத்துக் குடிப்பார். வட்ட வட்டமாகக் கறை.

ஒருநாள் அம்மா அறைக்குள் கதைத்தது குசினிக்குக் கேட்டது.

"வைச்சுக் குடுங்கோ கையெழுத்தை. கார்ட் வந்த அடுத்த கிழமை கார்மென்ட்ஸ் வேலைக்கு ஓடிடுவாள். பிறகு ஆர் சமைக்கிறது? நீங்களோ?"

"மெல்லக் கதையும்."

அவ்வளவுதான் அவர் சொன்னது. இல்லை என்று சொல்லவில்லை.

அம்மாவின் தம்பி வடக்கிலிருந்து வந்து இறங்கின மறுநாளே மாஸ்டர் குடையைப் பிடித்துக்கொண்டு பொலிஸுக்குக் கூட்டிப்போய்ப் பதிந்தார். வடக்கிலிருந்து வந்த இளந்தாரி, பொலிஸ் முதலில் சந்தேகப்படுகிற ஆள். அவரைப் பதியப் பயமில்லை. தேங்காய் துருவுகிறவளைப் பதியப் பயம்.

மாஸ்டர் நன்றாகப் படிப்பிப்பார். அதையும் எழுத வேண்டும். கொட்டாஞ்சேனையிலிருந்து, நுகேகொடையிலிருந்தெல்லாம் பிள்ளைகள் பஸ் ஏறி வருவார்கள். ஹோலுக்கும் குசினிக்கும் நடுவே ஒரு சீலைதான் மறைப்பு. அவர் சொல்கிறது எல்லாம் எனக்கும் கேட்கும்.

சில நாட்களாக அமெரிக்கா படிப்பித்தார். ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களைக் கப்பலில் அடுக்கிக் கொண்டுவந்தது. வேர்ஜீனியா என்ற இடத்தில் புகையிலைத் தோட்டம் போட்டது. தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்று சட்டம் எழுதினது. தகப்பன் யாராய் இருந்தாலும் கேட்பதில்லை. தகப்பன் எசமானாகவே இருந்தாலும் கேட்பதில்லை. இதைக் கேட்டபோது என் கை நின்றுவிட்டது.

"என்ன, திருவுற சத்தத்தைக் காணேல்லை?" என்றார் அம்மா அறையிலிருந்து.

துருவினேன். மெல்லத் துருவினால் பாடமும் கேட்கும், அம்மாவுக்குச் சத்தமும் கேட்கும்.

எல்லா மனிதரும் சமம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தவர்களில் பலர் வீட்டில் அடிமை வைத்திருந்தார்களாம். பிறகு நாட்டுக்குச் சட்டம் எழுத உட்கார்ந்தபோது ஒரு சண்டை வந்ததாம். சபையில் எந்தப் பகுதிக்கு எத்தனை கதிரை, எத்தனை உறுப்பினர் என்பது ஆள் தொகையைப் பொறுத்தது. தெற்கில் அடிமை வைத்திருந்தவர்கள் சொன்னார்கள், எங்கள் அடிமைகளையும் ஆட்களாக எண்ணு என்று. வடக்கில் உள்ளவர்கள் எண்ண மாட்டோம் என்றார்கள். கடைசியில் பேரம் பேசி, அஞ்சு அடிமையை மூன்று ஆளாக எண்ணுவது என்று முடித்தார்களாம்.

ஒரு பெடியன் கேட்டான். "சேர், அப்ப ஒரு ஆளில எந்தப் பக்கத்தை வெட்டி எறியிறது?"

இன்னொருவன் சொன்னான். "தலையை வெட்டியிருப்பாங்கள் மச்சான். கையும் காலும் தோட்டத்துக்கு வேணுமெல்லே."

எல்லாரும் சிரித்தார்கள்.

"பகிடி விடாதையுங்கோ," என்றார் மாஸ்டர். "எழுதுங்கோ. ஓட்டுப் போட அவன் ஆளில்லை. கோட்டில சாட்சி சொல்லப் போனா, வெள்ளைக்காரனுக்கு எதிரா அவன்ர வாய் செல்லாது. ஆனா அவனைக் காட்டி எசமான் கூடுதலாக் கதிரை எடுத்தான். விளங்குதோ? வசதி எண்டா எண்ணுவான். வசதியில்லை எண்டா எண்ண மாட்டான்."

நான் சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னார், "பிள்ளை, ஒரு பிளேன்ரீ."

தேத்தண்ணீர் ஊற்றிக் கொண்டுபோனேன். விண்ணப்பத்துக்கு மேலே வைத்தார்.

எங்கள் ஆட்களும் கடல் தாண்டித்தான் வந்தவர்கள். காட்டை வெட்டித் தோட்டம் போட்டவர்கள். வந்த வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை என்று அப்பா சொல்வார். அதை மாஸ்டர் படிப்பிக்கவில்லை. பாடத்தில் இல்லையாக்கும்.

நான் என்னை அடிமை என்று எழுத வரவில்லை. என்னை யாரும் ஏலத்தில் வாங்கவில்லை. சவுக்கால் அடிக்கவில்லை. அந்தச் சனம் பட்டதை நானும் பட்டேன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். ஆனால் வசதி பார்த்து ஆளை எண்ணுகிறது என்றாரே, அது எனக்கு விளங்கியது. குறிப்பு எழுதின பிள்ளைகளை விட விளங்கியிருக்கும்.

அந்தக் கிழமை நகரத்தில் குண்டு வெடித்தது. ஊரடங்கு போட்டார்கள். இடையில் கொஞ்ச நேரம் எடுத்தார்கள். பேக்கரியில் ஆளுக்கு ஒரு றாத்தல் பாண், அதற்கு மேல் இல்லை. அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்றார்.

"நீயும் வா. ஆள் கணக்குக்கு."

"பேப்பர்ல பேர் இல்லீங்களே அம்மா. வழியில ஆமி நிக்கிறான்."

"ஒண்டும் செய்யமாட்டாங்கள். எங்களோட தானே வாறாய்."

போனேன். வரிசையில் நின்றேன். பேக்கரிக்காரன் விரலால் எண்ணினான். என்னையும் எண்ணினான். எனக்கென்று தந்த பாணை அம்மா வாங்கிப் பையில் போட்டார்.

பாண் வரிசையில் நான் ஆள். பொலிஸ் பேப்பரில் ஆளில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு நெஞ்சு எரிந்தது. பயத்தில் இல்லை.

ஊரடங்கு முடிந்து ரியூஷன் திரும்பத் தொடங்கின நாள்தான் நான் முதலில் சொன்ன நாள். பின்னேரம் இரண்டு மணி இருக்கும். எல்லாரும் சாப்பிட்டாயிற்று. நான் கடைசியில் சாப்பிடுவேன். என் தட்டும் தேத்தண்ணீர்ப் பேணியும் வேறு. வீட்டுக் கோப்பைகளோடு வைக்கக் கூடாது, கழுவவும் கூடாது. பின்கதவுக்கு வெளியே மதிலோரம் ஒரு கல். அதன் மேல் அலுமினியத் தட்டும் தகரப் பேணியும் கவிழ்த்திருக்கும். அன்றைக்குச் சோறு போட்டு, பருப்பு ஊற்றி, மீன் வால் வைத்து, மூடி வைத்தேன். கை கழுவப் போனேன். அதற்குள் முன்னால் பூட்ஸ் சத்தம்.

ஆமி வந்தால் நான் என்ன செய்ய வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்கள். முற்றத்து மூலையில் எனக்கென்று ஒரு கக்கூஸ். உள்ளே போய்க் கொண்டி போட்டு மூச்சுக் காட்டாமல் நிற்க வேண்டும். முன்னரும் நின்றிருக்கிறேன். அன்றைக்கும் போய் நின்றேன். கதவு பலகைக் கதவு. பலகை நீக்கலால் முற்றம் தெரியும்.

ஹோலில் பிள்ளைகளை எழுப்பிச் சுவரோடு நிறுத்தி அட்டை பார்த்தார்கள். பிறகு பின்பக்கம் வந்தார்கள். நட்சத்திரம் குத்தின பெரியவன் கையில் வீட்டுப் பேப்பர். கூட ஒரு சின்ன ஆமிக்காரன். பின்னால் மாஸ்டர், அம்மா. அம்மாவின் தம்பியையும் கூட்டி வந்தார்கள்.

சின்னவன் கல்லைக் கண்டான். துவக்கு முனையால் மூடியைத் தள்ளினான். சோற்றில் ஆவி பறந்தது.

"மே காகெத?" என்றான். இது யாருடையது என்று.

மீன்காரனோடு கதைத்துக் கதைத்து எனக்குச் சிங்களம் நன்றாக வரும். மாஸ்டருக்கும் வரும். அவர் யோசிக்கவே இல்லை. வாயில் தயாராக வைத்திருந்தவர் போலச் சொன்னார்.

"பல்லாகே."

நாயினுடையது.

சின்னவன் முற்றத்தைச் சுற்றிப் பார்த்தான். சங்கிலி இல்லை. கூடு இல்லை. அவன் பேணியை எடுத்து முகர்ந்தான்.

"நாய் பிளேன்ரீ குடிக்கிறதா, சேர்?" என்று சிங்களத்தில் கேட்டான். சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுக் கத்தினான். "பல்லா கோ? நாய் எங்கே?"

பெரியவன் அம்மாவின் தம்பியைக் கொலரில் பிடித்தான். யாரை ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டான். அம்மா அழத் தொடங்கினார். சமையல்காரி என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. ஒரு சொல்தான். மாஸ்டர் சொல்லவில்லை. தன்னுடைய செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் கொண்டியைக் கழற்றினேன்.

துவக்கு என் பக்கம் திரும்பியது. பின்கதவில் பிள்ளைகள் வந்து எட்டிப் பார்த்தார்கள். தலையை வெட்டுகிற கதை சொன்ன பெடியனும் நின்றான். தட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். சிரிக்கவில்லை.

"இவள் வேலைக்கு வந்து போகிறவள்," என்று மாஸ்டர் சிங்களத்தில் அவசரமாகச் சொன்னார். "பின்னேரம் போய்விடுவாள். இங்கே இருக்கிறவள் இல்லை."

பெரியவன் என்னைக் கேட்டான். "எங்கே படுக்கிறாய்?"

அம்மா தமிழில் முணுமுணுத்தார். "சொல்லாதை பிள்ளை. சொன்னா அவரைப் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள். உனக்கு நாங்கள் என்ன குறை வைச்சனாங்கள்?"

பிள்ளை என்றார். அந்த நேரத்தில் பிள்ளை.

"நாய்க்கு என்னாங்க குறை, அம்மா?" என்றேன்.

பெரியவனிடம் திரும்பிச் சிங்களத்தில் சொன்னேன். இங்கேதான் படுக்கிறேன், குசினியில், எட்டு வருசமாக.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். மாஸ்டரையும் என்னையும் ஜீப்பில் ஏற்றினார்கள். அவருக்கு ஆள் பிடித்து மறுநாள் காலையில் வெளியே எடுத்தார்கள். எனக்கு ஆள் இல்லை. தோட்டத்திலிருந்து அப்பா வரும் வரை உள்ளே இருந்தேன். அங்கே பட்டதை எழுத மாட்டேன். பிறகு கொட்டாஞ்சேனைக்கு வந்தேன். மாதா கோவிலுக்குப் பக்கத்தில் இடியப்பம் அவிக்கிற வீட்டில் சேர்ந்தேன். அந்த வீட்டுக்காரி வந்த கிழமையே கையெழுத்துப் போட்டாள். கார்ட் வந்தது. கையெழுத்துப் போட ஒரு நிமிசம் ஆகவில்லை. அதைக் கண்ணால் கண்டபோதுதான் எனக்கு இன்னும் கூடுதலாக ஆத்திரம் வந்தது.

ரியூஷனுக்கு வந்த பிள்ளை ஒன்று, இப்போது பெரிய மனுசி, இடியப்பம் வாங்க வந்த இடத்தில் என் முகத்தைப் பார்த்து இன்னார் என்று மட்டுக்கட்டிவிட்டாள்.

"சேர் எவ்வளவு வடிவாப் படிப்பிப்பார், என்னக்கா? அந்த அடிமைப் பாடம் இப்பவும் மறக்கேல்லை."

"ஆமாங்க," என்றேன். "நல்லாத்தான் படிப்பிச்சாரு."

சம்பலைக் கட்டிக் கொடுத்தேன்.

ஆனால் அன்றைக்கு முற்றத்தில் இன்னும் ஒரு கேள்வி இருந்தது. பெரியவன் பேப்பரை என் முகத்துக்கு முன்னால் பிடித்தான். இதில் ஐந்து பேர் என்றுதான் எழுதியிருக்கிறது, ஐயாவின் கையெழுத்தும் இருக்கிறது என்றான். மாஸ்டர் என்னைப் பார்த்தார். எட்டு வருசத்தில் அப்படி அவர் என்னைப் பார்த்ததில்லை. தலையை மெல்ல ஆட்டினார், வேண்டாம் என்று.

இந்த வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள், நீ சொல்லு என்றான் பெரியவன்.

சொன்னேன்.

ஆறு.